எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப்

மார்ச் 4
கையின் உள்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, வட்டமாக ஒரு படை. ஓரமெல்லாம் சிவந்து நமநமவென்று அரிக்கிறது. மருந்துக் கடையில் பதினோரு வருடமாக நிற்பவளுக்கு வைத்தியம் தெரியாதா? எந்த அரிப்புக்கும் எடுத்துக் கொடுக்கும் அதே ட்யூபை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 7
சிவப்பு போன இடம் தெரியவில்லை. நானே டாக்டர்!

மார்ச் 15
பேருந்து ஓட்டுநர் கடைக்கு வந்தார். அவருக்குத் தொடையில் படை. ஒரு வருடமாக இந்த ட்யூப்தான் வாங்குகிறார். "உங்க மருந்து மாதிரி வராதுக்கா. தேச்சா உடனே அடங்குது, விட்டாதான் திரும்ப வருது" என்றார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "ஆளுங்க திரும்பத் திரும்ப வந்தா மருந்து நல்ல மருந்துன்னு அர்த்தம்." இதுதான் அவர் வேதம்.

ஏப்ரல் 2
படை திரும்ப வந்துவிட்டது. இப்போது வட்டம்கூட இல்லை, முழங்கை வரை பொரிப்பொரியாகப் பரவிக் கிடக்கிறது. சொறிந்தால் நகத்துக்குள் மாவு மாவாகத் தோல். சீ! என் கையைத் தொட எனக்கே குமட்டுகிறது. வீட்டுக்காரர் கையைப் பார்த்தார். தன் துண்டை மட்டும் எடுத்துப்போய் வேறு கொக்கியில் மாட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 3
இரண்டு வேளை தேய்த்தேன். அடங்குகிறது.

ஏப்ரல் 26
அடங்கவில்லை. அக்குள் ஓரத்தில் ஊதா நிறத்தில் கோடு கோடாக வேறு. தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்ததும் அவருக்கு முகம் கடுத்தது.

"இது படர்தாமரை, பூஞ்சைக் காளான் தொற்று. சிவப்பும் அரிப்பும் உங்க உடம்பு அதோட போடுற சண்டை. ட்யூப்ல இருக்கிற ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடுச்சு. காளான் சுகமா மேயுது. தோலும் மெலிஞ்சு போச்சு, இந்தக் கோடு இனி போகாது."

"அப்போ அது கெட்ட மருந்தா?"

"கரப்பான் படைக்கு நானே எழுதித் தர்றேன். எந்த இடத்துக்கு எவ்வளவு வீரியம், எத்தனை நாள்னு பார்த்துத்தான். ஆள்காட்டி விரல் நுனியிலருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்கினா ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். நீங்க சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்க."

ஏப்ரல் 27
விட்டால்தான் திரும்ப வருகிறதாம், ஓட்டுநர் அன்றே சொன்னார். அதைப் பாராட்டு என்று எழுதி வைத்திருக்கிறேனே, த்தூ. பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறேன், அதுவும் கடை போட்டு. எத்தனை பேருக்குக் கொடுத்தேன்? சிரித்துச் சிரித்துக் கொடுத்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். "நீ விக்க வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியா?" என்றார்.

மே 5
ஓட்டுநர் வந்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஸ்டாக் இல்லைண்ணா" என்றேன். சரி என்று போய்விட்டார்.

கோழை. வேறென்ன?

மே 19
இன்று ஓட்டுநர் குழந்தையோடு வந்தார். ஒன்றரை வயது இருக்கும். கன்னம், கழுத்து, மடிப்பெல்லாம் அதே பொரி. "உங்ககிட்ட இல்லைன்னதும் அடுத்த கடையில வாங்கினேன்கா. இன்னும் பவரானதாம். பாப்பாவுக்கும் ஒட்டிக்கிச்சு, அதையே தேய்ச்சோம்."

அருவருப்பாக இருந்தது. குழந்தையைப் பார்த்தல்ல, என்னை நினைத்து. சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அன்று ஸ்டாக் இருந்தது என்பதையும்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஒரு வருஷமா குடுத்தீங்களேக்கா" என்றார்.

குழந்தையை வாங்கிக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்கு வழிகாட்டி முன்னே நடந்தேன். முதலாளி பின்னாலிருந்து கத்தியது கேட்டது.

மே 20
வேலை போயிற்று.

ஜூலை 30
பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் அவர்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பாப்பாவுக்கு இப்போ ஒண்ணும் இல்லை" என்றார். அக்கா என்று சொல்லவில்லை. பிறகு பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.