சாமை என்பவள் எந்த ஊர்?

அத்தை,

இன்று உன் துணிப்பையைப் பார்த்தேன். தலைமையாசிரியர் மேசைமேல் கிடந்தது. ஜமுனாமரத்தூரில் உங்கள் சங்க அலுவலகத்தைப் பூட்டி முத்திரை வைத்த அன்று போலீஸ் கொண்டுபோன அதே பைதான். கிழிந்த காதுக்கு நான் போட்ட பச்சை நூல் தையல் அப்படியே இருந்தது. கிட்டே போனதும் புளி வாசனை. காய்ச்சலில் நீ போய் நாலு மாதமாகிறது. பை இன்னும் உன்னைப்போலவே மணக்கிறது.

மஃப்டியில் வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவர் அதிலிருந்து, உங்கள் சங்கம் ஐ.நா.வுக்கு அனுப்பிய அறிக்கையின் நகலை எடுத்தார். ரோடு இல்லாத நம் மலையில் பிரசவ வலி கண்டவர்களை டோலி கட்டித் தூக்கிப்போவதைப் பற்றி அந்தப் பெண்களே சொன்னது.

"இந்த சாமை யாரு? எந்த ஊரு?"

"எல்லா ஊர்லயும் இருக்கு சார்."

பயத்தில் வந்த பதில்தான். தலைமையாசிரியர் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார்.

"தினை?"

"அதுவும்தான் சார்."

"நக்கலா? ஓட்டர் லிஸ்ட்டு பூரா தேடியாச்சு, இப்டி ஒரு பொம்பளையும் இல்ல. உங்கத்த சொல்லச் சொல்ல நீதான எழுதின? திங்கக்கிழம வர்றோம். நெஜப் பேரு வேணும். உன் ஜாதி சர்டிபிகேட் இன்னும் கைக்கு வரலல்ல? யோசிச்சிக்கோ."

அது இல்லாமல் நான் நர்சிங் சேர முடியாது. அவருக்கும் அது தெரியும்.

ஓட்டர் லிஸ்ட்டில் சாமையைத் தேடினார்களாம்! நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய். அன்று எழுத உட்கார்ந்தபோது, "பேரு இன்னான்னு போடறது?" என்று கேட்டேன். நீ முறத்தில் புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாய். "இதயே போடு. வலி நெசமா இருந்தா போதும், பேரு எதுவா இருந்தா இன்னா?" சாமை, தினை, கேழ்வரகு என்று போய், கடைசியில் ஒருத்திக்குக் கொள்ளு என்று வைத்துவிட்டாய். "நான் இன்னா குதிர தீனியா?" என்று அவள் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

நம் நாட்டில் மனித உரிமைகள் எப்படி இருக்கின்றன என்று மற்ற நாடுகள் கேள்வி கேட்கும் கூட்டத்துக்கு, ஜெனிவாவுக்கு, நீயும் போவதாக இருந்தது. விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது ஸ்வெட்டரோடு மலைப் பேருந்திலிருந்து இறங்கினாய். "குளுரு இங்கியே கீது. அவ்ளோ தூரம் எதுக்கு?" என்றாய். வீட்டுக்குள் வந்ததும் உண்மைப் பெயர்கள் எழுதிய தாளை அடுப்பில் போட்டாய். அதன்பின் அவை உன் தலையிலும் என் தலையிலும் மட்டும். இப்போது என்னிடம் மட்டும்.

பள்ளி விட்டதும் நேரே தினையின் வீட்டுக்குப் போனேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"த பாரு, அழாத. என் பேர சொல்லிடு. உன் படிப்பு கெடக் கூடாது."

"மாட்டேன்க்கா. அத்தைக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"அப்ப நீ சொல்லாத. நான் வந்து சொல்றேன். டோலியில தொங்கினு எறங்கும்போது இல்லாத பயம் இப்பதான் வரப்போவுதா? இப்டி ஒரு பொம்பளயே இல்லன்னாங்களாமே, நேர்ல பாத்துக்கட்டும். உன் சர்டிபிகேட்ட எதுக்கு நிறுத்தறாங்கன்னும் கேக்கறேன்."

சொல்லிவிட்டு எனக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். இரண்டு குவளை குடித்தேன்.

அப்பா தூங்குகிறார். தெரிந்தால் பள்ளிக்கே அனுப்ப மாட்டார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். நாய் குரைத்தால் ஜீப்போ என்று கை நின்றுவிடுகிறது. பயம் போகவில்லை, அத்தை. ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறும் மனசும் நிறைந்திருக்கின்றன.

எல்லாருடைய பெயரையும் இப்போது ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் மறக்கவில்லை. திங்கட்கிழமை அதில் ஒன்றை அதற்குரியவள் எடுத்துக்கொள்வாள். மற்றவை என்னிடம் இருக்கும், அவரவர் வந்து கேட்கும்வரை.