புற்றுமண்ணுக்கு அடியில்

10-6-1982
இடுப்பில் பாவாடைக் கயிறு படுகிற இடமெல்லாம் படை. சொறிந்து சொறிந்து ரத்தம். பிள்ளைக்குத் தொத்திவிடும் என்று மாமியார் அவனைத் தன் பக்கம் போட்டுக்கொண்டாள். எட்டு மாதப் பிள்ளை. பால் கொடுக்க மட்டும் தருகிறாள், குடித்ததும் பிடுங்கிக்கொள்கிறாள். "கோயில் புத்துமண்ணைக் குழைச்சுப் பூசு. கோமதியம்மா பாத்துக்கிடுவா. அதுவரைக்கும் பிள்ளை எங்கிட்ட கிடக்கட்டும்" என்கிறாள். இவரோ தறிச் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்.

15-6
மண் காய்ந்து உதிர்கிறது. அரிப்பு போகவில்லை.

19-6
மெடிக்கல் ஷாப் சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை. "எந்த அரிப்பா இருந்தாலும் இந்த டியூப் அமுக்கிரும்மா" என்றார். முதலில் டியூப் மருந்து. அதற்கு மேல், மாமியார் காண, மண்.

28-6
தடமே இல்லை! அம்மன் மகிமை என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். பிள்ளை என் பக்கத்தில் தூங்குகிறான். அவன் மூச்சு கழுத்தில் படுகிறது. வேறென்ன வேண்டும் எனக்கு?

11-7
டியூப்பை நிறுத்தினேன், திரும்பி வந்துவிட்டது. தொடை வரைக்கும். மறுபடியும் வாங்கினேன். யாருக்கும் தெரியக்கூடாது.

24-7
அம்மன் கோயில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது, ஊரெல்லாம் கூட்டம். இந்த அரிப்போடு நான் எங்கே போக? பிள்ளையின் தொடையிடுக்கில் வட்டம் — ஐயோ, என்னிடமிருந்துதானே! அவனுக்கும் அதையே தடவினேன். சொன்னா பிள்ளையப் பிடுங்கிருவாளே.

6-8
அவன் தொடைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. வட்டம் வயிறு வரைக்கும். ஓயாத அழுகை. மாமியாரும் நானும் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோல் டாக்டர் டியூப்பைப் பார்த்ததும் கத்திவிட்டார். "இது ஸ்டீராய்டும்மா. அரிப்பை அடக்கும், படையைக் கொல்லாது. நல்லா பரவ விட்டிருக்கீங்க. பச்சப்பிள்ளைக்கு யார் போடச் சொன்னா?"

பஸ்ஸில் மாமியார் பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "அம்மனையே ஏமாத்திட்டியேட்டி!" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புளியங்குடிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

7-8
பால் கட்டிக்கொண்டு மார் வலிக்கிறது. இவரிடம் அழுதேன். "அம்மாட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்கிறார். என்னத்துக்கு இருக்கேன் நான்?

22-9
டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பில் இரண்டு பேருக்கும் ஆறிவிட்டது. இன்று மாமியார் பிள்ளையோடு வந்து இறங்கினாள். என் இடுப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, பிடி" என்று அவனை நீட்டினாள்.

வாங்கினேன். என் முகத்தையே பார்த்தான். உதடு பிதுங்கியது. அவள் பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வீறிட்டு அழுதான்.

திருப்பிக் கொடுத்தேன். அழுகை நின்றுவிட்டது.