வெந்நீர்

பம்பாய்
9 ஜனவரி 1987

என் உயிர் தெஹ்மி அக்காவுக்கு, ஹில்லாவின் முத்தங்கள்.

போன வருஷம் வலது கண் மங்கிப்போய், தானே சரியானதே, ஞாபகம் இருக்கா? இப்போது கால் மரத்துப்போகிறது. ரெண்டும் ஒரே வியாதியாம், நரம்பில். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். வரும், போகும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போகும் என்றார் டாக்டர். "இந்த ஊர்ல அபூர்வம்மா. உங்க பார்சிக்காரங்கள்லதான் அடிக்கடி பாக்கறேன்" என்றார். வெந்நீரே கூடாதாம். சூடு பட்டால் கண்ணும் காலும் மோசமாகுமாம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. கெர்சியிடம் சொல்லட்டுமா? அம்மா வாயைத் திறக்காதே என்கிறாள். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் ஹில்லா


நவ்சாரி
15 ஜனவரி

ஹில்லாக் கண்ணு,

அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் அம்மா சொல்வதுதான் சரி. நம் ஆட்களே கைப்பிடி அளவு. அதில் கெர்சி மாதிரி இன்னொருவன் கிடைப்பானா? பார்சி அல்லாதவனைக் கட்டினால் நம் கோயில் வாசலையே மிதிக்க விடமாட்டார்கள். கண் திரும்பி வந்ததே, காலும் வரும். கல்யாணம் முடிந்து ஆகஸ்டில் பட்டேட்டிப் பண்டிகைக்கு வரும்போது நானே கெர்சி பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை மூச்சு விடாதே.

உன் தெஹ்மி


பம்பாய்
2 ஜூலை

அக்கா,

மாமியார் தங்கம். அதுதான் கஷ்டமே. மழைக்காலம் என்று தினமும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்லா ஊத்திக்கோடி, உடம்பு வலி போயிடும்" என்று கதவுக்கு வெளியே நிற்கிறாள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். பச்சைத் தண்ணீர்க் குழாய் சமையலறையில் இருக்கிறது. வேறு வழியில்லாமல் வெந்நீரையே ஊற்றிக்கொள்கிறேன். கண் இருட்டிவிடுகிறது, கால் என்னுடையதாகவே இருப்பதில்லை. சரியாகும்வரை ஈரத்தரையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்தால் சோம்பேறிப் பட்டம்.

பட்டேட்டிவரை தாங்காது. சீக்கிரம் வா.

ஹில்லா


பம்பாய்
3 ஆகஸ்ட்

அக்கா,

நீ வர வேண்டாம்.

நேற்று குளியலறையில் விழுந்துவிட்டேன். கெர்சிதான் கதவை உடைத்துத் தூக்கினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. அக்காவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது அக்கா. தெரியும் என்றேன்.

"வியாதிய நான் பாத்துக்கறேன். உங்கக்கா இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றார்.

இன்று காலை வெந்நீர் அண்டாவை ஒதுக்கிவிட்டு, அவரே பச்சைத் தண்ணீர் நிரப்பி வைத்தார்.

மூன்று மாடி இறங்க இனி என்னால் முடியாது. இதை அவர்தான் தபாலில் போட வேண்டும். உறையை ஒட்டாமலே கொடுக்கிறேன், படித்துவிட்டே போடட்டும். நீ இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இது உன் கைக்கு வந்தால் பதில் எழுதாதே. அதையும் அவர்தான் கீழே போய் எடுத்துவர வேண்டும்.

ஹில்லா