பறவைக்குக் கண்

ஆன்டிகுவா, குவாத்தமாலா
8 பிப்ரவரி 1998

அன்புள்ள ஓப்துலியோ,

நலமா? ஹூஸ்டனில் கூரை வேலையில் மறுபடியும் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டாய் என்று உன் அக்கா டெல்ஃபினா சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. எனக்கு எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

நம் பெண் நினெத்தைத் தலைநகரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவளுடையது குறும்பும் இல்லை, கொழுப்பும் இல்லையாம். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஒரு கோளாறாம். காலையில் அரை மாத்திரை. மூன்று வாரமாகப் பள்ளியிலிருந்து புகார் சொல்ல ஆள் வரவில்லை. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் எதுவும் உடையவில்லை, ஓப்துலியோ!

குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்கு நம் வாசல் தெருவில் சாயமேற்றிய மரத்தூளால் கோலம்போல் போடும் கம்பளத்தில், இந்த வருடம் நடுவில் அவளுடைய பறவைதான். அட்டையில் வரைந்து, மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அச்சாக வெட்டினாள். அடுப்படியில் நின்று பார்த்து அழுதேன். "அம்மா, கண்ணை மட்டும் கடைசில நானே கையால வெப்பேன். யாரும் தொடக்கூடாது, ஆமா!" என்கிறாள்.

உன்
ஹெர்லிந்தா

ஹூஸ்டன்
26 பிப்ரவரி 1998

என் ஹெர்லிந்தா,

இதை எழுதத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பாதியில் எங்கோ வைத்துவிட்டேன், இன்றுதான் கிடைத்தது. புது மேஸ்திரியும் சரியில்லை, விட்டுவிட்டேன்.

பைத்தியக்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையை என் மகளுக்குக் கொடுக்கிறாயா? உடனே நிறுத்து. சின்ன வயதில் நானும் இப்படித்தான். அப்பா ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டார். ஆளாகிவிட்டேனா இல்லையா? எல்லாம் நீ கொடுக்கிற செல்லம்.

கம்பளத்தை அக்கா வந்து பார்த்துக்கொள்வாள். ஊர்வலத்துக்கு முன்னால் அதில் ஒரு காலடி பட்டால் தெருவில் நம் மானம் போகும். நினெத்தைக் கட்டியாவது வை. உன்னால் முடியாவிட்டால் அவளை அக்காவிடமே அனுப்பிவிடலாம்.

முத்தங்களுடன்,
ஓப்துலியோ

ஆன்டிகுவா
6 ஏப்ரல் 1998

அன்புள்ள ஓப்துலியோ,

நீ சொன்னபடியே மாத்திரையை நிறுத்தினேன். பள்ளியிலிருந்து மறுபடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நேற்று விடிந்ததிலிருந்து தெருவே கம்பளத்துக்கு மேல் போட்ட குறுக்குப் பலகைகளில் மண்டியிட்டுச் சாயத்தூளைச் சலித்துக்கொண்டிருந்தது. பலகையில் ஏறிய இரண்டாவது நிமிடம் நினெத் ஊதாத்தூள் கூடையைக் கவிழ்த்துவிட்டாள். டெல்ஃபினா என்னைப் பார்த்தாள். நான்தான் கட்டினேன். என் இடுப்புக் கச்சையால், ஜன்னல் கம்பியில்.

"பறவைக்குக் கண்ணு வெக்கலம்மா! அது எப்படிப் பாக்கும்? அவுத்து விடுங்கம்மா, ஓடமாட்டேன், சத்தியமா ஓடமாட்டேன்!" என்று மதியம் வரை கத்தினாள்.

ஊர்வலம் முனை திரும்பி, சாம்பிராணிப் புகை தெரிந்த நேரத்தில் சத்தம் நின்றது. நினெத் தானே முடிச்சை அவிழ்த்துவிட்டாள். வெறுங்காலோடு கம்பளத்தின் மேலேயே ஓடி, நடுவில் குனிந்து, ஒரு சிட்டிகை கறுப்புத்தூளை வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் சரியான இடத்தில்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் காலடி.

டெல்ஃபினா அறைந்தாள். சுவாமியைச் சுமந்து வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "யாரு புள்ளைங்க இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"என் புள்ள இல்ல" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அவள் காதில் விழுந்தது.

அதிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போகட்டுமா? சீக்கிரம் எழுது.

ஹெர்லிந்தா

ஹூஸ்டன்
24 ஏப்ரல் 1998

ஹெர்லிந்தா,

அக்கா தொலைபேசியில் எல்லாம் சொன்னாள். பார்த்தாயா, அடங்கிவிட்டாள்! டாக்டரெல்லாம் வேண்டாம். அக்கா அவளைத் தன் ஊரான ஷெலாவுக்குக் கூட்டிப்போய் வளர்க்கிறேன் என்கிறாள். சம்மதம் என்று தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நீயும் கொஞ்சம் ஓய்வெடு.

இந்த மேஸ்திரியையும் விட்டுவிட்டேன். என்னவோ, கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

ஓப்துலியோ

ஆன்டிகுவா
25 மே 1998

திரு. ஓப்துலியோ அவர்களுக்கு,

நேற்று ஷெலாவுக்குப் போனேன், டெல்ஃபினா கூட்டிப்போன நினெத்தை அழைத்துவர. பையில் மாத்திரையும் டாக்டர் சீட்டும் வைத்திருந்தேன்.

முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டு எதுவும் இல்லை. காலடியில் ஒரு நாய்க்குட்டி அவள் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்மா தப்பு பண்ணிட்டேன்டி. நீ என் புள்ளதான். எந்திரி, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அத்தை எந்திரிக்கச் சொல்லலையே" என்றாள்.

டெல்ஃபினா நீங்கள் அனுப்பிய சம்மதத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். "என் தம்பி கையெழுத்து. நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட உள்ளே போனாள்.

உங்களையும் கட்டித்தான் வளர்த்தார்கள். இந்த வருடத்தில் மட்டும் மூன்று மேஸ்திரி. இதைத்தான் ஆளானது என்கிறீர்களா? இது தெரிந்தும் உங்கள் பேச்சைக் கேட்டுக் கச்சையை எடுத்தேனே, அந்தப் பாவம் என்னுடையது. அதில் உங்களுக்குப் பங்கு தரமாட்டேன்.

பேருந்துக்கு நேரமாகும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூடக் காலை ஆட்டவில்லை. வாசல் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பவில்லை. யாரும் திரும்பச் சொல்லவில்லை அல்லவா?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஹெர்லிந்தா