இந்த வாரம் முட்டை

தாடிக்கொம்பு
9-3-2025

அன்பு மகள் தமிழ்மதிக்கு,

அப்பா எழுதுவது. நலம். முதலில் என் மானம் போன கதை.

உன் ஆராய்ச்சிக்காக நீ ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போன கறுப்புக் குவளையிலிருந்து வாரம் ஒருமுறை காகிதப் பட்டையை எடுத்து, லென்ஸ் வைத்துக் கொசு முட்டையை எண்ணி உனக்கு எழுதுகிறேன் அல்லவா? போன தடவை ஒன்றுமே இல்லை. நான் படித்த எட்டாம் வகுப்பில் பூஜ்யம் மார்க்குக்குப் பெயர் முட்டை. கணக்கில் நிறைய வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் "இந்த வாரம் முட்டை" என்று எழுதிவிட்டேன். நீயோ, "மாசி வெயிலில் முட்டையா!" என்று ரெண்டு பக்கம் எழுதிவிட்டாய். ஆபீசே கூடி நின்று பார்த்ததாமே. தாயி, அது பூஜ்யம்.

அந்த ரெண்டு பக்கத்தை மூன்று தடவை படித்தேன். சாப்பிட்டீர்களா, மூட்டுவலி எப்படி, பஞ்சர் கடையில் யார் காற்றடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். சாப்பிட்டேன். வலிக்கிறது. நான்தான்.

அப்பா
கண்ணுசாமி


புனே
17-3-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லவேளை சொன்னீர்கள், திருத்திவிட்டேன். இனி எண்ணாகவே எழுதுங்கள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதி


தாடிக்கொம்பு
20-4-2025

அன்பு மகளுக்கு,

52. எழுத்தால் ஐம்பத்திரண்டு. இது நிஜ முட்டை. ரெண்டு தடவை எண்ணினேன்.

பேரூராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருகிற அறிவுச்செல்வி வந்தது. டிரம், தொட்டி எல்லாம் எட்டிப் பார்த்தது. வீட்டை ஒட்டின கடைக்குப் பின்பக்கம் மட்டும் போகவில்லை. "ஏண்ணே, வெயிலு இம்புட்டுக் கொளுத்துது, ஒங்க வீட்ல மட்டும் கொசு குடும்பம் நடத்துதே?" என்றது. "மக ஊர்ல இல்ல, அதுகளாச்சும் இருக்கட்டும்த்தா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டது.

அப்பா


புனே
28-4-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் டெங்குக் கொசு பெருகும், கோடையில் ஓய்ந்துவிடும். இப்போது வெயில் காலமே மாறிவருகிறது. தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் சனங்கள் டிரம்மில் பிடித்து வைக்கத்தானே செய்வார்கள்? இப்படியே சூடு ஏறினால் இன்னும் இருபது வருடத்தில் காய்ச்சல் இல்லாத மாதம் என்று ஒன்று இருக்குமா, எந்த மாதத்துக்கு ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. அதைப் பார்த்துத்தான் மருந்தும் ஆளும் ஒதுக்குவார்கள்.

மாவட்டத்தில் முப்பது வீட்டில் குவளை வைத்திருக்கிறோம். வறண்ட குஜிலியம்பாறைப் பக்கம்கூட ஐந்து, ஆறு வந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டியது நம் வீடு மட்டும்தான். என் வரைபடத்தில் உச்சியில் நிற்கிற புள்ளி நீங்கள்தான் அப்பா! ஜூனில் அறிக்கை கொடுக்கிறோம். அதுவரை ஒரு வாரமும் விடாதீர்கள்.

வெஞ்சனத்துக்கு என்ன செய்கிறீர்கள்? தினம் ஊறுகாய்தானே? மூட்டுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? அம்மா புகைப்படத்துக்குக் கண்ணாடி மாற்றினீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

உங்கள் மதி


தாடிக்கொம்பு
25-5-2025

அன்பு மகள் தமிழ்மதிக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன். டாக்டரைப் பார்க்கவில்லை. ஊறுகாய்தான்.

பங்குனியிலிருந்து நான் எழுதிய எண்களையெல்லாம் அடித்துவிடு. அத்தனையும் எண்ணி எழுதியதுதான், பொய் எழுத மனசு வரவில்லை. அதனால் முட்டையை உண்மையாகவே வரவைத்தேன். கடைக்குப் பின்னால் கிடக்கிற பழைய லாரி டயரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றினேன். பூஜ்யம் என்றால் நீ நாலு வரி எழுதினாய். முட்டை என்றால் ரெண்டு பக்கம். எட்டாம் வகுப்புக்காரனுக்கு இந்தக் கணக்கு மட்டும் சரியாக வந்தது.

பக்கத்து வீட்டுச் சிவனம்மாளுக்கு டெங்கு. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தது. என் டயர் கொசுதானா என்று யார் சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்த அன்று கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து உட்காரக்கூட முடியாமல், "பக்கத்து வீடுன்னா இப்படில்ல இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை தாயி.

நேராக வந்து தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, டயரில் ஆறு இடத்தில் துளை போட்டேன். முப்பத்தோரு வருடமாக ஓட்டை அடைத்த கை. அறிவுச்செல்வியிடமும் சொல்லிவிட்டேன். அது திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாளைக்குச் சிவனம்மாளிடம் சொல்லப் போகிறேன்.

என் புள்ளியை எடுத்தால் உன் படம் குட்டையாகிவிடும். ஆனால் மற்ற வீட்டு ஐந்தும் ஆறும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வந்தவை. பயப்பட அதுவே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், "கொரல் ஒரு மாதிரி இருக்கே, வேற ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல தாயி, வச்சிரவா?" என்றேன். டயர் விஷயம் ஃபோனில் சொல்கிற விஷயமில்லை, அதைத்தான் மேலே எழுதிவிட்டேன். இன்னொன்று இருந்தது. அதற்குத்தான் வாய் வரவில்லை, கடைசி வரியில் கேட்டிருக்கிறேன்.

இந்த வாரம் முட்டை. பள்ளிக்கூடத்து முட்டை.

இதுக்கும் ரெண்டு பக்கம் எழுதுவியா?

அப்பா