ஆறு வாரத்தில் முடியாதது

அன்புள்ள மகளுக்கு,

நான் மறுபடியும் பஸ் ஓட்டுகிறேன். குறுக்கே ஓடிவந்தவர்மேல் என் பஸ் மோதியது உனக்குத் தெரிந்திருக்கும். அடிபட்டவர் குணமாகி நடந்தே வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது.

டிப்போவில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். வாரம் ஒரு மணி நேரம் பேச்சு. முதலில் நிறுத்திவைத்த பஸ்ஸில் சும்மா உட்காரச் சொன்னார், பிறகு டிப்போவுக்குள்ளேயே ஒரு சுற்று. ஆறாவது வாரம் அதே சாலையில் ஓட்டினேன். கை நடுங்கவில்லை.

"வந்த வேலை முடிஞ்சுது சார், இனி நீங்க வர வேண்டாம்" என்றார் அந்த அம்மா.

நான் எழுந்திருக்கவில்லை. "பொண்ணுகிட்ட பேசி நாலு வருஷமாச்சு மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அது ஆறு வாரத்துல முடியாது. தொடர்ந்து வர்றீங்களா?"

ஒன்றரை வருடமாகப் போகிறேன். நீ பிடிவாதக்காரி என்றே பல மாதம் புலம்பினேன். ஒருநாள் அவர், "அம்மா இறந்தப்போ உங்க பொண்ணு யார் மடியில அழுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே டபுள் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு, உன்னைத் தனியே விட்டுப் போனவன் நான்.

கடைசியாக நீ வந்து கதவைத் தட்டியபோது நான் ஊரில் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே, அது நான் சொல்லச் சொன்ன பொய். உள்ளேதான் இருந்தேன். உன் முகத்தில் உன் அம்மாவைப் பார்க்கப் பயந்தேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. திட்டுவதற்காகவாவது ஒருநாள் போன் செய். பாதியில் வைத்துவிட மாட்டேன்.

உன் அப்பா