சந்தியா அத்தான் தண்ணி கேட்டது

ஓகஸ்ட் 3, திங்கள்

சோளகம் பேய்க்காத்து. வள்ளம் ஒண்டும் இறங்கேல்லை. பள்ளிமுனை முழுக்கக் கண்ணுக்குள்ள மணல்.

காலமை சந்தியா அத்தான்ர முப்பத்தோராம் நாள் பூசை. என்ர அக்காவின்ர புருசன். வேதக்கோயில் கொள்ளாத சனம். எருக்கலம்பிட்டி முஸ்லிம் நானாமாரும் வந்து வெளியில நிண்டவை. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் வந்தவர். ஏசண்டுத் துரையே வந்தவர் எண்டு எழுதினாலும் பிழையில்லை.

வராமல் என்ன? வெள்ளைக்காரன்ர சண்டைக்குப் பாலைவனம் போய் வந்த மனுசன், பிள்ளைகளையும் வளர்த்து, ஊருக்குப் பொதுவா ஏழு கிணறு தோண்டினவர். (பதினொண்டு எண்டு சொன்னனான். ஏழு எண்டால் ஆர் கேப்பினம்?)

சாப்பாட்டில என்ர பேச்சுத்தான். அத்தான் தனிய பீரங்கி பிடிச்சது, ராசா கை குடுத்தது. நல்ல எடுப்பு. பிறகு சனம் எழும்பப் பாத்துது. உடன சொன்னன்: நேத்து மத்தியானம் கோயிலடிக் கிணத்தில அத்தானைக் கண்டனான். பட்டாளத் தொப்பியோட. "மச்சான், ஒரு வாய் தண்ணி" எண்டு கேட்டவர்.

எழும்பப் பாத்த சனம் திரும்ப இருந்திட்டுது.

கிணத்தடியில நிண்டது கழுதை. அதுகும் ஒரு மாதிரித்தான் பாத்தது.

ஓகஸ்ட் 4

வாங்க: சுருட்டு, மண்ணெண்ணெய், தூண்டில் நூல்.

மீன் சந்தைக்குக் கதை எனக்கு முன்னம் போயிட்டுது. "அண்ணை, அவர் தலை இல்லாமலோ வந்தவர்?"

"தலை இருந்தது. அதுக்கு மேல தொப்பியும் இருந்தது" எண்டன்.

பெண்டுகள் அந்தக் கிணத்துப் பக்கம் போகினமில்லையாம்.

ஓகஸ்ட் 6

காத்துக் குறையேல்லை. நூல் வாங்க மறந்தாச்சு.

பிலோமினா, அத்தான்ர மூத்தவள், வாசல்ல நிண்டு ஏசினாள். "மாமா, உங்கட வாய்க்குப் பூட்டு இல்லையோ? அம்மா சோறு தொடுறா இல்லை. பொழுதுபட ஒரு மிடறு தண்ணி, அவ்வளவுதான். அப்பா மோட்சம் போகேலாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில தாகமாக் கிடக்கிறாராம், தான் எப்பிடிக் குடிக்கிறதாம்."

சுவாமியார் சொல்லியும் கேக்கேல்லையாம். இப்பிடியே போனால் அக்கா தாங்கமாட்டா.

ஓகஸ்ட் 7

அக்காட்டப் போனன். கன்னம் ஒட்டி, கண் உள்ளுக்க போய்.

"அக்கா, அது நான் கதைக்குச் சேர்த்தது. கண்டது கழுதையை."

"பொய் சொல்லாதை" எண்டா.

பிறகு மெல்லமாச் சொன்னா. பாலைவனத்தில அத்தானுக்குப் பக்கத்தில ஒரு கூட்டாளி, திருக்கோணமலையான், காயப்பட்டுக் கிடந்தவனாம். "மச்சான், ஒரு வாய் தண்ணி" எண்டு கேட்டுக்கொண்டே. அத்தான்ர போத்தல்ல இருந்ததும் ஒரு வாய்தான். தான் குடிச்சிட்டு, இல்லை எண்டு சொன்னவராம். விடியேக்க அவன் செத்துப் போனான்.

"என்னைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லாத கதையடா. அந்தச் சொல்லு உனக்கு எப்பிடி வந்தது?"

எங்கயிருந்து வந்தது? எவ்வளவு யோசிச்சும் பிடிபடேல்லை. வாயில வந்தது.

ஏழு கிணறு.

ஓகஸ்ட் 8

மத்தியானம் அக்காவைக் கையில பிடிச்சுக் கிணத்தடிக்கு. சனம் தூரத்தில நிண்டு பாத்தது. பிலோமினா அள்ளிக் குடுக்க, அக்கா மணலில ஊத்தினா. "குடியுங்கோ. அவனுக்கும் குடுங்கோ."

ஊத்தின இடம் பாத்துக்கொண்டிருக்கக் காஞ்சிட்டுது.

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தா. "குடிச்சவையோ?"

"ஓம் அக்கா. ரெண்டு பேரும்."

வேற ஒண்டும் சேர்க்கேல்லை.

வீட்ட வந்து ஒரு கோப்பை கஞ்சி குடிச்சா. பிலோமினா குசினிக்குள்ள போய் அழுதாள்.

நான் இன்னும் வாய் நனைக்கேல்லை. செம்பு பக்கத்திலதான் கிடக்கு.